கேடயத்தைப் பறித்தது சரி. மாத்திரை கொடுத்தவரை ஏன் விட்டீர்கள்?

சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்களுக்கு,

ஆண்டின் சிறந்த மெய்வல்லுநருக்கான கேடயத்தை அந்த மாணவனிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டீர்கள். மண்டபத்துப் பலகையில் அவன் பெயர் இருந்த இடத்தில் இப்போது வர்ணம் பூசப்பட்டிருக்கிறது. அந்த முடிவை நான் எதிர்க்கவில்லை. தடைசெய்யப்பட்ட மருந்து உடலில் இருக்க ஓடிச் சேர்த்த புள்ளிகளை வைத்துக் கொடுத்த விருது அது. புள்ளிகள் போனால் விருதும் போகத்தான் வேண்டும்.

ஆனால் அதே மாதத்தில், அதே மண்டபத்தில், அவனுக்குப் பயிற்சி கொடுத்தவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினீர்கள். புள்ளிகளில் அவனுக்கு அடுத்து நின்ற மாணவிக்கு, இந்த ஆண்டு விருது எவருக்கும் இல்லை என்று ஒரு கடிதம் அனுப்பினீர்கள். இவை இரண்டையும் பற்றிச் செயலாளரிடம் எழுத்தில் கேட்டேன். பதில் வரவில்லை. தலைவரை நேரில் கண்டு கேட்டேன். "மிஸ், அது முடிந்த விஷயம்" என்றார். அந்தப் பையனின் வீட்டிலும் அந்தப் பிள்ளையின் வீட்டிலும் அது முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

சங்கத்தின் பெயரையும், சம்பந்தப்பட்ட எவருடைய பெயரையும் இங்கே நான் எழுதவில்லை. ஒரு பெயரைச் சொன்னால் மற்றப் பெயர்கள் தானாகவே தெரிந்துவிடும். அந்த மாணவனுக்குப் பதினேழு வயது. அவன் பெயரைப் பகிரங்கமாகப் போட்டு நீங்கள் செய்ததை நானும் செய்யக் கூடாது.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். கொழும்பில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் பல வருடங்கள் விளையாட்டுப் பொறுப்பாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். உங்களில் இரண்டு மூன்று பேருடைய பிள்ளைகளுக்கு அஞ்சலோட்டத்தில் கோல் மாற்றச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். இப்போதும் விடியற்காலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இந்தப் பையனை அவன் பத்தாம் ஆண்டு படிக்கும்போதிருந்தே தெரியும். கொட்டாஞ்சேனையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருவான். சப்பாத்து இல்லாத நாட்களிலும் வந்திருக்கிறான். வெறுங்காலோடு புல்லில் ஓடிவிட்டு, பைக்குள் இருந்த பாணைச் சாப்பிட்டு, அப்படியே பாடசாலைக்குப் போவான். நல்ல ஓட்டக்காரன். அபார ஓட்டக்காரன் என்று சொல்லமாட்டேன். ஆனால் உழைப்பாளி.

பதினோராம் ஆண்டு முடிந்ததும், இன்னும் பெரிய இடத்துக்குப் போக வேண்டும் என்று உங்கள் சங்கத்தின் பயிற்சிக் குழுவில் சேர்ந்தான். அங்கே பொறுப்பாக இருந்தவர் நீங்கள் நியமித்தவர். ஒரு தவணைக்குள் பையனின் தோள் அகன்றது. முதுகு முழுக்கப் பரு. எப்போதும் அடக்கமாக இருக்கிறவன், தொடக்கக் கோட்டில் பக்கத்துப் பிள்ளையோடு கைகலப்புக்குப் போனான். வளர்கிற வயது, உடம்பு மாறும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் எத்தனையோ பிள்ளைகள் வளர்வதைப் பார்த்த கண் இது. சந்தேகப்பட்டு அந்தப் பயிற்றுவிப்பாளரிடமே கேட்டேன். "சத்தான சாப்பாடு மிஸ், வேறொன்றுமில்லை" என்றார். அந்தத் தாயின் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே செயற்குழுவில் இருக்கும் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். அவர் பெயரையும் எழுதவில்லை. இதை வாசிக்கும்போது அவருக்கு விளங்கும். "ரிசல்ட் நல்லாத்தானே வருது" என்பதுதான் அவர் சொன்ன பதில்.

அப்புறம் சுகததாச விளையாட்டரங்கில் நடந்த போட்டி. ஓட்டம் முடிந்ததும் அவனிடம் சிறுநீர் மாதிரி எடுத்தார்கள். மாதிரி கொடுக்கும்போது ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கடந்த ஏழு நாட்களில் எடுத்த மருந்துகள், சத்து மாத்திரைகள் எல்லாவற்றையும் அதில் எழுதச் சொல்வார்கள். அதன் ஒரு பிரதி விளையாட்டு வீரரின் கையிலேயே கொடுக்கப்படும். அந்தப் பிரதியை அவனுடைய தாய் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பையன் தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறான்: விட்டமின். பக்கத்தில், சிறுவனோடு கூட வந்த பெரியவர் என்ற இடத்தில் இருக்கும் கையொப்பம் அதே பயிற்றுவிப்பாளருடையது.

செயற்குழு உறுப்பினர்களே, இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். களவு செய்கிறோம் என்று தெரிந்த பிள்ளை அதைப் படிவத்தில் எழுதுவானா? தான் எடுத்தது விட்டமின் என்று அவன் நம்பினான். நம்பியதால் எழுதினான்.

சோதனை முடிவு வந்தபோது அறிக்கையில் இருந்த சொல் ஸ்டானொசொலோல், தசையை வளர்க்க எடுக்கும் ஒரு ஸ்டெரொயிட். 1988 சோல் ஒலிம்பிக்கில் கனடாவின் பென் ஜோன்சன் 100 மீற்றரை 9.79 செக்கனில் ஓடி, மூன்று நாளில் தங்கத்தைத் திருப்பிக் கொடுத்தாரே, அதே மருந்து. வளரும் பிள்ளைக்கு இது என்ன செய்யும் என்பதை எந்த டொக்டரிடமும் கேட்டுப் பாருங்கள். வாயால் எடுக்கும் இந்த வகை மாத்திரைகள் ஈரலைப் பாதிக்கும். எலும்பு வளரும் முனைகளைக் காலத்துக்கு முன்னரே மூடச் செய்து, பிள்ளையின் உயரத்தையே நிறுத்திவிடக் கூடும். மனதையும் குழப்பும். கேடயம் போனதற்காக அழாத அந்தத் தாய், ஈரல் என்ற சொல்லைக் கேட்டதும் என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் கொண்டுவந்தவற்றில் படிவம் தவிர இன்னும் இரண்டு இருந்தன. ஒன்று, லேபல் இல்லாத வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல். அடியில் மாத்திரைகள் மிச்சம் இருக்கின்றன. மாதாமாதம் காசு கொடுத்து வாங்கியது. மற்றது, பையனின் தொலைபேசியில் இருக்கும் குரல் செய்தி. பயிற்றுவிப்பாளரின் குரல். "விட்டமினை நிப்பாட்டாதே தம்பி, போட்டி வரைக்கும் எடு, காலையில ஒண்டு, பயிற்சி முடிய ஒண்டு." நானே கேட்டேன். இந்த மூன்றும் இருப்பதாக உங்கள் செயலாளருக்கு எழுதினேன். பார்க்கக்கூட ஒருவரும் கேட்கவில்லை.

அந்தப் பயிற்றுவிப்பாளர் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? அவருக்கும் யாராவது பொய் சொல்லி அதை விற்றிருக்கலாம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் கையில் என்னென்ன பவுடர், என்னென்ன மாத்திரை இருக்கிறது என்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். ஆனால் அதை அவர் வாயாலேயே சொல்ல வேண்டும், ஒரு விசாரணைக்கு முன் சொல்ல வேண்டும். யாரும் கேள்வியே கேட்காமல் ஒருவரை நிரபராதி ஆக்கி, பொன்னாடையும் போர்த்தியது எந்த நியாயம்?

விதி என்ன சொல்கிறது என்பதையும் உங்களுக்கு எழுதியிருந்தேன். மீண்டும் எழுதுகிறேன். உலக ஊக்கமருந்துத் தடுப்புக் கோவை, விளையாட்டு வீரர் தன் உடலில் இருப்பதற்குத் தானே பொறுப்பு என்கிறது. அதனால்தான் அவனுடைய முடிவுகள் ரத்தாகின. அதில் வாதாட இடமில்லை. ஆனால் 2021இல் நடைமுறைக்கு வந்த கோவை, சிறுவர்களைப் பாதுகாக்கப்பட வேண்டியவர்கள் என்று தனியாக வகுத்திருக்கிறது. அப்படி ஒரு பிள்ளை அகப்பட்டால், அந்தப் பிள்ளையைச் சுற்றி நின்ற பயிற்றுவிப்பாளர், டொக்டர், உதவியாளர் ஆகியோரைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும் என்கிறது. யாராவது முறையிட்டால்தான் விசாரணை என்று இல்லை. பிள்ளை அகப்பட்டாலே விசாரணை. ஸ்டெரொயிட் போன்ற மருந்தை ஒரு பிள்ளைக்குக் கொடுத்த பயிற்றுவிப்பாளர் என்று நிரூபணமானால் தண்டனை வாழ்நாள் தடை. பிள்ளைக்கோ, பெரிய கவனக்குறைவு இல்லை என்று காட்டினால் வெறும் கண்டிப்போடும் விடலாம். கூடினால் இரண்டு வருடம்.

அதாவது, உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட விதியின் கண்ணில் பெரிய குற்றவாளி கொடுத்தவர். நமது நாட்டிலும் இதற்கு 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதன் கீழ் இயங்கும் ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையம் இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் தகவலை அங்கே கொண்டுபோய்க் கொடுப்பதுதான் சங்கத்தின் கடமை. மேலதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று உங்களில் ஒருவர் சொன்னார். அவர்களுக்குத் தெரியாத போத்தலையும் குரல் செய்தியையும் அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்?

விட்டமின் என்று சொல்லிக் கொடுப்பது புதிய கதை இல்லை. கிழக்கு ஜேர்மனியில் அரசாங்கமே அதைச் செய்தது. நீச்சல் தடாகத்திலும் மைதானத்திலும் இருந்த இளம் பெண் பிள்ளைகளுக்கு நீல நிற மாத்திரைகளை விட்டமின் என்று சொல்லிக் கொடுத்தார்கள். குரல் தடித்து, உடம்பு மாறி, வாழ்நாள் நோயோடு அவர்கள் வெளியே வந்தார்கள். ஆனால் ஜேர்மனி அந்தப் பிள்ளைகளை மட்டும் கூண்டில் ஏற்றவில்லை. 2000ஆம் ஆண்டு பேர்லின் நீதிமன்றம், அன்று விளையாட்டுத் துறையின் உச்சியில் இருந்த மன்பிரட் எவால்டையும், மருத்துவப் பொறுப்பில் இருந்த மன்பிரட் ஹொப்னரையும், விளையாட்டு வீராங்கனைகளின் உடலுக்குத் தீங்கு செய்ய உடந்தையாக இருந்தார்கள் என்று குற்றவாளிகளாகக் கண்டது. சிறைத் தண்டனை ஒத்திவைக்கப்பட்டது. அது போதாது என்று பாதிக்கப்பட்டவர்கள் கொதித்தார்கள். அவர்கள் கொதித்தது சரிதான். என்றாலும் குற்றம் யாருடையது என்று ஒரு நீதிமன்றம் எழுத்தில் வைத்தது. பென் ஜோன்சனின் விஷயத்திலும் கனடா பதக்கத்தோடு நிற்கவில்லை. நீதிபதி டுபினின் தலைமையில் பகிரங்க விசாரணை வைத்து, பயிற்றுவிப்பாளர் சார்லி பிரான்சிசைச் சத்தியம் செய்வித்து உண்மையைச் சொல்ல வைத்தது.

சரி, அவை தூரத்து நாடுகள் என்பீர்கள். நம் வீட்டுக் கதைக்கே வருகிறேன்.

2000 செப்டெம்பர் 28, சிட்னி ஒலிம்பிக், பெண்கள் 200 மீற்றர் இறுதி. பாடசாலை விட்ட பிறகும் வீட்டுக்குப் போகாமல், என் ஓட்டக்காரப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஆசிரியர் அறைத் தொலைக்காட்சிக்கு முன் குவிந்திருந்தார்கள். முதலாவது, அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ், 21.84 செக்கன். இரண்டாவது, பஹாமாஸின் போலின் டேவிஸ், 22.27. மூன்றாவது, நமது சுசந்திகா ஜயசிங்க, 22.28. 1948இல் டங்கன் வைட் லண்டனில் வெள்ளி வென்ற பிறகு இந்த நாடு கண்ட முதல் ஒலிம்பிக் பதக்கம். தமிழ்ப் பிள்ளைகள், சிங்களப் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அது யுத்த காலம். பக்கத்து வீட்டுக்காரர் எங்கிருந்து வந்தவர் என்று பொலிஸ் பதிவு கேட்கும் காலம். அந்தப் பின்னேரம் அந்த அறையில் அப்படி எந்தக் கணக்கும் இருக்கவில்லை.

ஏழு வருடம் கழித்து, 2007 ஒக்டோபரில், தான் மருந்து எடுத்ததை மரியன் ஜோன்ஸ் ஒப்புக்கொண்டார். பயிற்றுவிப்பாளர் ட்ரெவர் கிரகாம் அதை ஆளி விதை எண்ணெய் என்று சொல்லித் தந்ததாகச் சொன்னார். டிசம்பரில் சர்வதேச ஒலிம்பிக் குழு அவருடைய சிட்னிப் பதக்கங்கள் ஐந்தையும் பறித்தது. விசாரணை அதிகாரிகளிடம் பொய் சொன்னது உட்பட்ட குற்றங்களுக்காக ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அவர் சிறு பிள்ளை இல்லை, அன்று இருபத்து நான்கு வயது. தண்டனை நியாயமானது. ஆனால் அந்தப் பயிற்றுவிப்பாளரையும் விடவில்லை. 2008இல் அதிகாரிகளிடம் பொய் சொன்னதற்காக நீதிமன்றத்தில் குற்றவாளி ஆனார். அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. உலகப் புகழ் பெற்ற ஒரு வளர்ந்த பெண்ணின் விஷயத்திலேயே, கொடுத்தவர் யார் என்று தேடிப் போனார்கள். நமது பையனுக்கு வாக்குப்போடும் வயதுகூட இல்லை.

சுசந்திகாவின் கதை இன்னும் ஒன்றையும் சொல்கிறது, அது அந்த மாணவியைப் பற்றியது.

ஜோன்ஸின் பதக்கங்கள் போன பிறகும் ஒலிம்பிக் குழு இரண்டு வருடம் இழுத்தது. 2009 டிசம்பரில்தான் முடிவு வந்தது. 200 மீற்றரில் போலின் டேவிஸுக்குத் தங்கம், சுசந்திகாவுக்கு வெள்ளி, நான்காவதாக வந்த ஜமெய்க்காவின் பெவர்லி மெக்டொனால்டுக்கு வெண்கலம். சுசந்திகா ஓடியது இருபத்து நான்கு வயதில். வெள்ளி தன்னுடையது என்று உலகம் ஒப்புக்கொண்டபோது ஓட்ட வாழ்க்கையே முடிந்திருந்தது. மேடையில் ஒரு படி உயரே நின்றிருக்க வேண்டிய அந்த நிமிடம் திரும்பி வரவில்லை. ஒன்பது வருடத் தாமதத்தை அநியாயம் என்று அன்று நாம் எல்லோரும் பேசினோம். உங்களில் ஒருவர் ஒரு கூட்டத்தில் அதைப் பற்றி உணர்ச்சியோடு பேசியதையும் நான் கேட்டேன். இன்று உங்கள் கையிலேயே அப்படி ஒரு முடிவு இருக்கிறது. தாமதம்கூட இல்லை, ஒரேயடியாக மறுத்துவிட்டீர்கள்.

அதே சிட்னியில் 100 மீற்றர் தங்கத்தை மட்டும் ஒலிம்பிக் குழு யாருக்கும் கொடுக்காமல் வெறுமையாக விட்டது. ஏன்? இரண்டாவதாக வந்த கிரேக்கத்தின் கதரினா தானு, 2004 ஏதென்ஸில் ஊக்கமருந்துச் சோதனையைத் தவிர்த்த விவகாரத்தில் சிக்கியிருந்தார். வெற்றிடமாக விட ஒரு காரணம் இருந்தது. உங்களிடம் என்ன காரணம் இருக்கிறது? அந்த மாணவியிடமும் அதே பருவத்தில் மாதிரி எடுத்தார்கள். எந்தக் குறையும் இல்லை. உங்கள் சங்கத்தின் விதிப்படி விருது புள்ளிகளுக்குத்தான். அவனுடைய புள்ளிகளை நீக்கினால் முதலிடம் அவளுடையது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

நமது நாட்டுக் குத்துச்சண்டை வீரர் ஒருவர் 2010 தில்லி பொதுநலவாய விளையாட்டில் தங்கம் வென்று, பிறகு நன்ட்ரலோன் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து கண்டுபிடிக்கப்பட்டதால் அதை இழந்தார். எழுபது வருடத்துக்குப் பிறகு குத்துச்சண்டையில் கிடைத்த தங்கம் என்று கொண்டாடியிருந்தோம், மனம் உடைந்தது. ஆனால் அந்தத் தங்கம் காற்றில் மறையவில்லை. இறுதிச் சண்டையில் தோற்ற வேல்ஸ் நாட்டு இளைஞன் ஷோன் மெக்கோல்ட்ரிக்கின் கழுத்துக்குப் போனது. நம்மிடமிருந்து போனபோது விதி அப்படித்தான் நடந்தது. நமது பிள்ளைக்கு வர வேண்டியபோது மட்டும் ஏன் விதி நிற்கிறது?

அந்தப் பிள்ளையைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. தடை தாண்டி ஓடுகிறவள். தகப்பன் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். காலையில் ஹயர் பிடிக்கும் நேரத்தை விட்டுவிட்டு மகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பயிற்சி முடியும்வரை வண்டிக்குள்ளேயே காத்திருப்பார். அவள் இந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறாள். விருதோடு சேர்த்து நீங்கள் கொடுக்கும் படிப்புச் செலவுத் தொகை அந்த வீட்டுக்குச் சின்னக் காசு இல்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு அவள் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "மிஸ், நான் ஏதும் பிழை செய்தேனா?" மருந்து எடுக்காமல் ஓடிய பிள்ளை இப்படிக் கேட்க வேண்டி வந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் நெருப்புப் பிடித்தால் இவள் வீட்டுக் கூரையையும் பிரித்துப் போடுகிற வேலையைச் செய்திருக்கிறீர்கள்.

விருதைச் சுற்றிப் பேச்சு அடங்கட்டும், சங்கத்தின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு அந்தக் கவலை விளங்குகிறது. கொழும்பில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று மைதானமும் ஸ்பைக்சும் பஸ் காசும் பார்க்கிற சங்கங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. உங்கள் சங்கம் இல்லாவிட்டால் இந்த இரண்டு பிள்ளைகளுமே சுகததாச அரங்கின் ஓடுபாதையைக் கண்டிருக்க மாட்டார்கள். அதனால்தான் இவ்வளவு கோபம் எனக்கு. பிள்ளைகளை நம்பி அனுப்பும் தாய் தகப்பன்மார் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். என்னிடம் வந்து, "மிஸ், அங்கே விடலாமா?" என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

அடுத்தது அந்தப் படம். முதல் அறிக்கை வந்த அன்றே, பையனின் படத்தையும் பெயரையும் போட்டு, குறுக்கே சிவப்புக் கோடு இழுத்து, சங்கத்தின் முகநூல் பக்கத்தில் போட்டீர்கள். விசாரணை நடக்கவில்லை, மறுசோதனைக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது மாதிரியைப் பற்றிய முடிவும் வரவில்லை. நமது கிரிக்கெட் வீரர் குசல் பெரேராவை மறந்துவிட்டோமா? 2015 டிசம்பரில் அவர் மருந்து எடுத்தார் என்று அறிவித்தார்கள். நியூசிலாந்துச் சுற்றுலாவிலிருந்து திருப்பி அழைத்தார்கள், அடுத்து வந்த இருபது ஓவர் உலகக் கிண்ணமும் அவருக்கு இல்லை. 2016 மே மாதத்தில், ஆய்வுகூட முடிவு நிற்காது என்று சர்வதேச கிரிக்கெட் சபையே குற்றச்சாட்டை வாபஸ் வாங்கியது. நமது பையனின் விஷயத்தில் கடைசியில் முடிவு மாறவில்லை என்பது உண்மை. ஆனால் நீங்கள் படம் போட்ட அன்று உங்களுக்கு அது தெரியாது. மேலும், சிறுவர்களின் பெயரைப் பகிரங்கப்படுத்த வேண்டிய கட்டாயம் உலக விதியில்கூட இல்லை. அந்தப் பதிவுக்குக் கீழே இருக்கும் கருத்துகளை வாசித்தீர்களா? அவனுடைய தங்கை வாசித்திருக்கிறாள். அவள் எட்டாம் ஆண்டு. பையன் இப்போது பாடசாலைக்குப் போவதில்லை. அந்தப் பதிவு இன்றும் அங்கேயே இருக்கிறது.

ஆகவே, நான் உங்களிடம் கேட்பவை.

அந்தப் படத்தையும் பதிவையும் இன்றே நீக்குங்கள். இதற்குக் கூட்டம் கூட்டத் தேவையில்லை. பக்கத்தை நடத்துபவருக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். பகிர்ந்திருக்கும் உறுப்பினர்களிடமும் நீக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பயிற்றுவிப்பாளரை, விசாரணை முடியும்வரை, பிள்ளைகள் இருக்கும் எந்தப் பயிற்சியிலும் முகாமிலும் விடாதீர்கள். இப்போதும் அவரிடம் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்; எல்லாவற்றிலும் அவசரமானது இதுதான். சங்கத்துக்கு வெளியே இருந்து ஒரு டொக்டர், ஒரு சட்டத்தரணி, ஓட்டத்தில் அனுபவமுள்ள ஒரு பெண் என்று மூன்று பேரை நியமித்து அவரைக் கேளுங்கள். அவருக்கும் தன் பக்கத்தைச் சொல்ல முழு வாய்ப்புக் கொடுங்கள். அவரிடம் பயிற்சி பெற்ற மற்றப் பிள்ளைகளின் பெற்றோரையும் தனித்தனியாகச் சந்தித்து, வீட்டில் லேபல் இல்லாத போத்தல் ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். மூவரும் எழுதும் அறிக்கை, உறுப்பினர் எல்லோரும் வாசிக்கும்படி வர வேண்டும். பிள்ளைகளின் பெயர் மட்டும் அதில் வேண்டாம்.

போத்தல், குரல் செய்தி, படிவத்தின் பிரதி ஆகியவற்றை ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையத்திடம் ஒப்படைக்கத் தாய் சம்மதித்திருக்கிறார். சங்கத்தின் சார்பில் ஒருவர் அவரோடு கூடப் போங்கள். வந்த கடிதங்களை வாசித்து விளங்கப்படுத்தக்கூட அவருக்கு இதுவரை யாரும் இருக்கவில்லை. மருந்து எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க உதவுகிற விளையாட்டு வீரரின் தடைக் காலத்தைக் குறைக்க விதியில் இடமிருக்கிறது. அதை அந்தப் பையனுக்குச் சொல்லவும், அவனுக்காகப் பேசவும் ஒரு சட்டத்தரணியைச் சங்கத்தின் செலவில் ஏற்பாடு செய்யுங்கள். அவனுடைய ஈரலைப் பரிசோதிக்கும் செலவையும் நீங்களே ஏற்க வேண்டும். உங்கள் பயிற்சியில்தான் அது நடந்தது.

கேடயத்தை அந்த மாணவிக்குக் கொடுங்கள். கூரியரில் அனுப்பாமல், அடுத்த விழாவில், மேடையில், தாய் தகப்பனையும் அழைத்து, அவள் முதலாவதாக வந்தாள் என்று ஒலிவாங்கியில் சொல்லிக் கொடுங்கள். படிப்புச் செலவுத் தொகையை விழா வரைக்கும் வைத்திருக்காமல் இந்த மாதமே கொடுங்கள். பரீட்சைக்கு அவளுக்கு இப்போதுதான் தேவை. வர்ணம் பூசிய இடத்தில் அவள் பெயரை எழுதுங்கள்.

கடைசியாக, சங்கத்தின் விதிக்கோவையில் ஒரு வரி சேருங்கள்: பெற்றோருக்கு எழுத்தில் தெரிவிக்காமல், சங்கத்தோடு தொடர்புள்ள எவரும் எந்தப் பிள்ளைக்கும் மாத்திரை, பவுடர், ஊசி எதுவும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அன்றோடு விலக்கப்படுவார்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் எனக்கு எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால், கூட்டத்தில் எழுந்து இந்த மடலை வாசிப்பேன். அந்தத் தாயும் என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விளையாட்டுப் பொறுப்பாசிரியை ஒருவர்,
சங்கத்தின் ஆயுட்கால உறுப்பினர்,
கொழும்பு